சக்கரம் வைத்த குளிர்ப்பெட்டி

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு பெட்டி, அதன் ஒரு பக்கத்து அடியில் இரண்டு சக்கரங்கள், மறுபக்கத்தில் பிடித்து இழுப்பதற்கு நீண்ட கைப்பிடி, மேலே இறுக்கமாகப் பொருந்தும் மூடி. கடைகளில் இதனை ‘ஐஸ் பெட்டி’ என்றும் ‘கூலர்’ என்றும் சொல்லுகிறார்கள். நான் குளிர்ப்பெட்டி என்று சொல்லிப் பழகிவிட்டேன். என் வீட்டில் இருப்பது 20 லிட்டர் கொள்ளும். உல்லாசப் பயணத்துக்கும் அன்றாடத் தேவைக்கும் உதவுவது.

பென்னாகரத்தில் எங்கள் தெருவழியே இதை முதன்முறை இழுத்து வந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர், “பானைக்குச் சக்கரம் கட்டின மாதிரி இருக்குதே தம்பி! இதுக்குக் கரண்டு எங்கே குடுப்பே?” என்று கேட்டார். கரண்டு வேண்டியதில்லை என்றேன். “அப்புறம் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?” என்றார் அவர். நல்ல கேள்வி. பெட்டியை விலை கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேளாததனால்தான், காலையில் ஒரு கைப்பிடிப் பனிக்கட்டியைப் போட்டுவிட்டு, நடுப்பகலில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கண்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று குறைப்படுகிறார்கள்.

குளிர்ப்பெட்டி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. நாம் உள்ளே வைத்த பனிக்கட்டியிடம் வெளி வெப்பம் வந்து சேருவதைத் தாமதப்படுத்துகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பெட்டியை ஆளும் விதிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும். அது மட்டுமன்று, ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்து மலையுச்சியில் உள்ள ஊருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் விளங்கும். இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

வெப்பத்தைத் தாமதப்படுத்தும் கலையில் பெரும் பொருள் ஈட்டிய ஒருவரை முதலில் அறிமுகம் செய்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தவரான பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் ஏற்றி விற்கத் துணிந்தார். 1806இல் அவருடைய முதற் சரக்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்குச் சென்றது. 1833இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல், ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நில நடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதப் பயணத்துக்குப்பின் கல்கத்தாவை அடைந்தது. வந்து சேர்ந்தபோது அதில் ஏறக்குறைய 100 டன் உருகாமல் இருந்தது. சென்னையிலும் டியூடர் ஒரு கிடங்கு கட்டினார். 1842இல் கடற்கரையில் எழுந்த அந்தக் கட்டடமே ‘ஐஸ் ஹவுஸ்’. பிற்காலத்தில் அது பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞருடைய மாளிகையாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆயினும் திருவல்லிக்கேணியை ஒட்டிய அந்தப் பகுதியை மக்கள் இன்னமும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கிறார்கள். பனிக்கட்டி உருகிப் போய் நூறாண்டுக்கு மேலாகியும் அதன் பெயர் உருகவில்லை.

நான்கு மாதம் பனிக்கட்டி தாங்கியதற்கு எந்த இயந்திரம் காரணம்? ஒன்றும் இல்லை. மரத்தூள்தான் காரணம். கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள். மரத்தூளுக்குள் எண்ணற்ற சிறு காற்றறைகள் உண்டு. அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் ஊரில் பனிக்கட்டி விற்பவர் அதை மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததும் இதே காரணத்தால்தான். பள்ளியிலே ஆசிரியர் ஒரு புதிர் போடுவார்: “ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா?” கம்பளி சூடு தரும் என்று நினைக்கும் பிள்ளைகள், சீக்கிரம் உருகும் என்பார்கள். கம்பளி சூட்டைத் தருவதில்லை. இருக்கும் இடத்தில் நிறுத்துகிறது. நம்மைச் சுற்றினால் நம் உடல் வெப்பம் வெளியே போகாது. பனிக்கட்டியைச் சுற்றினால் வெளி வெப்பம் உள்ளே வராது.

இன்றைய குளிர்ப்பெட்டியின் சுவரும் கம்பளியின் இனமே. வெளியே ஒரு பிளாஸ்டிக் தகடு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு, இரண்டுக்கும் நடுவே நுரைபோன்ற ஒரு பொருள். நாம் ‘தெர்மக்கோல்’ என்று சொல்லும் வெண்ணிறப் பொருளை எடுத்துப் பாருங்கள். அதன் பருமனில் நூற்றுக்கு ஏறக்குறைய 98 பங்கு காற்றுதான். விலை கூடிய பெட்டிகளில் பாலியூரித்தேன் நுரையை நிரப்புகிறார்கள். டியூடரின் மரத்தூள் செய்த வேலையை இந்த நுரை மேலும் திறமையாகச் செய்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் கருத வேண்டும். கப்பல் நிறைய இருந்த பனி நான்கு மாதம் தாங்கியது. நம் சிறு பெட்டியில் இருப்பது ஒரு பகல் தாங்குவதே அரிது. ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி ஒரு லிட்டர் கொள்ளும். அதன் ஆறு முகங்களின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பக்கம் 30 சென்டிமீட்டர் ஆனால், பெட்டி 27 லிட்டர் கொள்ளும். பரப்போ 5400 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது லிட்டர் ஒன்றுக்கு 200 சதுர சென்டிமீட்டர். வெப்பம் பரப்பின் வழியாகவே உள்ளே நுழைகிறது. ஆகவே சிறிய பெட்டி, தன் அளவுக்கு அதிகமான வாசல்களைத் திறந்து வைத்திருக்கும் வீட்டுக்கு ஒப்பானது. அதற்குக் காவல் மிகுதியாக வேண்டும். பெட்டி சிறியதாகச் சிறியதாக, அதைக் கையாளுகிறவரின் கவனம் பெரியதாக வேண்டும்.

அந்தக் காவல் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பெட்டிக்குள் வைக்கும் பொருள் முன்னரே குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது 30 டிகிரி வெப்பமுள்ள ஐந்து லிட்டர் தண்ணீரைப் பெட்டியில் வைத்து, அதை 10 டிகிரிக்குக் கொண்டுவர விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000 கிராமை 20 டிகிரி குளிர்விக்க ஒரு லட்சம் கலோரியை அகற்றியாக வேண்டும். ஒரு கிராம் பனி உருகி, அந்த நீரும் 10 டிகிரிக்கு ஏறும்வரை 90 கலோரி எடுத்துக்கொள்ளும். ஆகவே 1100 கிராமுக்கு மேற்பட்ட பனிக்கட்டி இந்த ஒரு வேலைக்கே செலவாகிவிடும். வெயிலோடு போராடுவதற்கு வைத்த படையைப் பயணம் தொடங்கும் முன்னரே வீட்டுக்குள் இழந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தைய இரவே தண்ணீரைக் குளிர வைத்துவிட்டால் இந்த இழப்பு இல்லை.

இரண்டாவது, பெரிய கட்டியாகவே பனியை வைக்க வேண்டும். உடைத்த துண்டுகள் விரைவில் குளிர்விக்கும். விரைவில் தீர்ந்தும் போகும். நான் செய்வது எளிய முறை. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உறைய வைத்து அவற்றையே பனிக்கட்டியாக வைக்கிறேன். உருகிய பின் அதுவே குடிநீர்; மற்றப் பொருள்களும் நனைவதில்லை. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பலாகாது. உறையும்போது தண்ணீரின் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பெருகும். இடம் இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

மூன்றாவது, பனி மேலே, பொருள் கீழே. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழ்நோக்கி இறங்கும். மேற்புறம் திறக்கும் பெட்டியில் மூடியைத் தூக்கினாலும் குளிர்ந்த காற்றிற் பெரும்பகுதி கிணற்று நீர்போல் உள்ளேயே தங்கும். ஆயினும் அடிக்கடி திறக்கலாகாது. குழந்தைகள் கால் மணிக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி, “இன்னும் ஐஸ் இருக்கா?” என்று பார்க்க விரும்புவார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இராது. வெற்றிடம் மிஞ்சினால் அதைத் துண்டாலோ காகிதத்தாலோ நிரப்பிவிடுங்கள்.

நான்காவது, பெட்டியை நிழலில் வையுங்கள். கூடுமானால் அதன்மேல் ஓர் ஈரத் துணியைப் போர்த்துங்கள். இந்த உபாயத்தை எனக்குக் கற்பித்தது மண்பானை.

ஆம், மூதாட்டியார் சொன்ன அதே பானைதான். பானையின் நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிந்து, புறப்பரப்பில் ஆவியாகிறது. நம் கோடை வெப்பத்தில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் பானையிலிருந்தும் உள்ளேயுள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்ளுகிறது. ஒரு கிராம் பனி உருகி எடுக்கும் வெப்பத்தைப்போல் இது ஏழு மடங்குக்கும் மேல்! காற்று உலர்ந்திருக்குமளவுக்குப் பானை நன்றாக வேலை செய்யும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் சோம்பும் பானை, எங்கள் பென்னாகரத்து மேட்டுநிலக் காற்றில் சுறுசுறுப்படைகிறது. ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பினால் காய்கறி பல நாள் வாடாமல் இருக்கும். நைஜீரிய நாட்டு ஆசிரியர் முகமது பா அப்பா என்பவர் இம்முறையைத் தம் நாட்டு உழவர்களிடையே பரப்பி, 2000ஆம் ஆண்டில் உலகப் பரிசொன்றும் பெற்றார். ஆகவே குளிர்ப்பெட்டி வந்துவிட்டது என்று பானையை ஒதுக்க வேண்டியதில்லை. பானை குளிர்ச்சியை உண்டாக்குகிறது, ஆனால் ஓரளவுக்குத்தான். இருந்த இடத்தை விட்டு நகரவும் அதனால் ஆகாது. பெட்டி எதையும் உண்டாக்குவதில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் செல்லும்.

நகர்வது என்றவுடன் சக்கரத்தின் நினைவு வருகிறது. சக்கரம் வைத்த குளிர்ப்பெட்டி நமக்குப் புதியது என்று எண்ணாதீர்கள். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டி, மணியடித்துக்கொண்டு வந்த குச்சி ஐஸ்காரரை நம் பாட்டன்மார்க்குத் தெரியும். பால் ஐஸும் சேமியா ஐஸும் மதிய வெயிலில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெட்டிக்குள்தான். அவர் எங்கள் பேச்சில் இடம் பெறாத பௌதிக ஆசிரியர். ஒவ்வொரு ஐஸ் எடுக்கும்போதும் மூடியைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுவார். வண்டியை எப்போதும் புளியமரத்தடியில்தான் நிறுத்துவார்.

இரண்டு சக்கரப் பெட்டி ஒரு நெம்புகோல். சக்கரத்தின் அச்சு அதன் தாங்குபுள்ளி, நம் கை விசை தரும் இடம், நடுவே பளு. தோட்டத்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் இதே இனத்தைச் சேர்ந்தது. பெட்டியும் பொருளுமாகப் பதினைந்து கிலோ இருந்தால், கனமான பாட்டில்களைச் சக்கரத்தின் பக்கமாக அடுக்குங்கள். பளுவின் பெரும்பகுதியைச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். கைக்கு எஞ்சுவது சொற்பம். கைப்பிடியின் பக்கமாக அடுக்கினால், அதே பெட்டி தோளை இழுக்கும். ஒரே சுமை, அடுக்குகிற முறையால் இலேசாகவும் கனமாகவும் ஆகிறது. முதியவர் ஒருவர், யாருடைய துணையும் இல்லாமல், பேருந்து நிலையத்திலிருந்து தம் வீடுவரை பாலும் மருந்தும் கொண்டு செல்வதற்கு இந்தச் சிறு சக்கரங்கள் செய்யும் உதவி பெரிது.

எங்கள் ஊரிலிருந்து காட்டு வழியாக மலைச்சாலை இறங்கினால் ஒகேனக்கல். காவிரி பாறைகளின்மேல் விழுந்து எழுப்பும் நீர்த்திவலை புகைபோல் தோன்றுவதால், கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. ஆடிப்பெருக்கன்று அங்கே கூடும் மக்களைப் பார்த்தால், நம் முன்னோருடைய பயண அறிவு புலப்படும். அவர்கள் கொண்டுவருவது புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும். புளியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து சோற்றைக் காக்கின்றன. கட்டுச்சோறு என்பது குளிர்ச்சியின் துணையை நாடாமல் பயணம் செய்யக்கூடிய உணவு. பாலும் தயிரும் மீனும் அப்படிப் பயணம் செய்ய மாட்டா. அவற்றுக்காகவே குளிர்ப்பெட்டி வேண்டியிருக்கிறது.

ஒகேனக்கல்லில் மீன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவோர் பலர். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் தந்த மீன் வளம் இந்தப் பகுதிக்குப் பெரிய செல்வம். மீன் இறந்த கணத்திலிருந்தே கெடத் தொடங்குகிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது மீன் துறையினர் கொள்ளும் அளவு. மீனை வைத்த பெட்டியில் சமைத்த உணவை வைக்கலாகாது. மீனுக்கென்று வாங்கிய பனிக்கட்டியைக் குடிநீரில் இடவும் கூடாது. சமைத்த உணவைப் பொறுத்தவரை, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் பெருகுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். சூடாக உண்ண வேண்டியதைச் சூடாகவும், குளிர்ந்து இருக்க வேண்டியதைக் குளிர்ந்தும் வையுங்கள். நடுநிலை இங்கே நன்மை தராது. மேலும், சக்கரம் சாலையில்தான் உதவும். அருவிக்கரைப் பாறைகளில் பெட்டியை இழுத்துச் சென்றால் சக்கரம் ஒடியும். அங்கே இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டியதுதான்.

வீட்டிலே இதற்கு வேலை இல்லையா என்றால், நிறைய உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது காவிரிக் கழிமுகப் பகுதிகளில் பல நாள் மின்சாரம் இல்லை. அத்தகைய காலத்தில், குளிர்சாதனப் பெட்டியைத் திறவாமல் வைத்திருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்குமேல் குளிர்ப்பெட்டியே கைகொடுக்கும். என் தமக்கையார் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். திறவாத இன்சுலின் குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சேலத்துக்கு மருத்துவரைக் காணச் சென்று மருந்து வாங்கித் திரும்பும் நாளில், குளிர்ப்பெட்டியே எங்கள் துணை. குப்பியைத் துணியில் சுற்றி, ஒரு சிறு டப்பாவில் இட்டு, பனிக்கட்டியைத் தொடாதபடி வைக்கிறோம். ஏனெனில் இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வெப்பம் மட்டுமே பகை என்று எண்ணுகிறோம். அளவு கடந்த குளிரும் பகையே.

இந்த உண்மை நம்மை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுகிறது. செயற்கைப் பனிக்கட்டியின் வரலாறே நோயாளியின் படுக்கையருகில் தொடங்கியது எனலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சலில் துன்புற்றோரின் அறையைக் குளிர்விக்க விரும்பிப் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். 1851இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதனால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. 1855இல் வறுமையில் இறந்தார். ஆனால் குளிர்ச்சி என்பது பிணியாளருக்கும் உரியது என்ற அவருடைய எண்ணம் நிலைத்தது.

புதன்கிழமைகளில் நம் ஊர்களுக்குத் தடுப்பூசி போட வரும் செவிலியரின் தோளில் ஒரு சிறு பெட்டி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு குளிர்ப்பெட்டிதான். அதன் நான்கு பக்கச் சுவர்களை ஒட்டி நான்கு பனிப்பொதிகள். நடுவே பதினாறு முதல் இருபது மருந்துக் குப்பிகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்த மருந்து, அதே குளிர்ச்சியில் குழந்தையின் தொடைவரை வந்து சேர வேண்டும். உறைவறையிலிருந்து எடுத்த பனிப்பொதியை உடனே பெட்டியில் வைக்க மாட்டார்கள். அதன் புறத்தே வியர்வைபோல் நீர் அரும்பி, குலுக்கினால் உள்ளே நீரின் ஓசை கேட்கும்வரை வெளியே வைத்திருப்பார்கள். காரணம், மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போன்றவை உறைந்தால் பயனற்றுப் போகும். போலியோ சொட்டு மருந்தோ வெப்பத்தைச் சிறிதும் தாங்காதது. சூடும் ஆகாது, உறைதலும் ஆகாது. அந்த நடுவழியில்தான் செவிலியர் நடக்கிறார்.

குப்பியின்மேல் ஒரு சிறு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். வெப்பம் பட்டுக்கொண்டே வந்தால் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் அந்த மருந்து வெப்பத்தால் கெடவில்லை. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அதை விலக்க வேண்டும். மருந்து வழியில் பட்ட வெயிலையெல்லாம் மறைக்காமல் சொல்லும் சாட்சி அது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களில் கோடிக்கணக்கான குழந்தைகளின் வாய்க்கு மருந்து சென்றது இத்தகைய பெட்டிகளின் வழியாகத்தான். இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் நோயுற்ற கடைசிக் குழந்தை 2011 ஜனவரி 13ஆம் நாள் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27ஆம் நாள் போலியோ ஒழிந்த நாடாக இந்தியா சான்று பெற்றது. அந்த வெற்றியில் மருத்துவ அறிவுக்குப் பங்குண்டு. வழியில் மூடியைத் திறவாத கைகளுக்கும் பங்குண்டு.

பெரியம்மை வேறு வழியில் ஒழிந்தது. அதன் தடுப்பு மருந்தை உறைய வைத்து உலர்த்தும் முறை கண்டறியப்பட்டதால், அது வெப்பத்தைத் தாங்கிப் பயணம் செய்தது. 1980இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். அந்த மருந்தை நான் கட்டுச்சோறு என்பேன். போலியோ மருந்தைத் தயிர்ச்சோறு என்பேன். குளிர்ச்சி வேண்டாத மருந்துகளைக் கண்டுபிடிப்பது உங்களில் சிலர் எதிர்காலத்தில் செய்யப்போகும் ஆராய்ச்சியாக இருக்கலாம். அதுவரையில் குளிர்ச்சியைச் சுமந்து செல்ல வேண்டியதுதான்.

சுமந்து செல்வது என்று நான் சொன்னது அணிக்காக அன்று. எங்கள் பகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றார்கள். சாலை இல்லாத இடத்தில் சக்கரத்துக்கு வேலை இல்லை. தடுப்பூசிப் பெட்டிக்குச் சக்கரம் வைக்காமல் தோள்வார் வைத்ததன் பொருள் இப்போது புரிகிறதல்லவா? இயந்திரம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் வாக்குப்பதிவு தாமதிக்கும். பனி உருகிய பின் வந்து சேரும் மருந்தோ வராததற்குச் சமம். பார்வைக்கு அது மருந்துபோலவே இருக்கும். தாய் நம்பிக்கையோடு குழந்தையை நீட்டுவாள். ஆனால் காப்பு இராது. மலையூருக்குச் சாலை வேண்டும் என்று மக்கள் கேட்கும்போது, அது பேருந்துக்கான கோரிக்கை மட்டுமன்று என்பதை உணருங்கள். அந்தச் சாலையில் குளிர்ச்சியும் ஏறிச் செல்லும்.

1842இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டி வந்து இறங்கியபோது, அது பெரும்பாலும் செல்வர்களின் கோப்பைக்காக வந்தது. இன்று அதே குளிர்ச்சி, மலையடிவாரத்துக் குடிசையில் பிறந்த குழந்தைக்கு உரியதாகியிருக்கிறது. நூற்றெண்பது ஆண்டுகளில் குளிர்ச்சி கடந்த தொலைவுகளிலெல்லாம் மிக நெடியது, கோப்பையிலிருந்து குழந்தைக்கு வந்த இந்தத் தொலைவுதான்.

மாணவ நண்பர்களே! வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான மூன்று பனிக்கட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த தட்டிலும், ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றியும், ஒன்றை மூடியுள்ள தெர்மக்கோல் பெட்டியிலும் வையுங்கள். எது எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்குச் செவிலியர் வரும்போது, அவர் வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் குப்பியில் உள்ள வட்டத்தையும் சதுரத்தையும் காட்டும்படி பணிவோடு கேளுங்கள். மகிழ்ச்சியோடு காட்டுவார். பெட்டி அவர் தோளில் இருக்கும்போது மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள். அவர் இன்னும் ஏற வேண்டிய மலை இருக்கலாம்.